மூன்றாம் அத்தியாயத்தை வெளியே எடு!

உன் பென் டிரைவில் ஒரு கட்டுரை கிடக்கிறது. எனக்குத் தெரியும்.

உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அது. வைவா முடிந்த அன்று பொன்னாடை போர்த்தினார்கள், பிரியாணி போட்டார்கள், படம் எடுத்தார்கள். அன்று மூடிய கோப்பை இன்றுவரை நீ திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை?

"நேரமில்லை சார்." "இங்கிலீஷ் வராது." "சிவகாசி விஷயத்தை எவன் போடுவான்?" "எங்க கைடு ஒண்ணும் சொல்லித் தரலை."

நான்கும் சாக்கு! நான்கையும் இன்றைக்கே உடைப்போம்.

கடைசிச் சாக்கை முதலில் எடுக்கிறேன். கைடு சொல்லித் தரவில்லையா? அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நம் கல்லூரிகளில் சோதனை செய்யச் சொல்லித் தருவார்கள், புள்ளியியல் சொல்லித் தருவார்கள். செய்ததைக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்புவது எப்படி என்று உட்காரவைத்துச் சொல்லித் தருபவர் அபூர்வம்.

அதற்காக நீ காலம் பூரா காத்திருப்பாயா?

பத்தாம் வகுப்பில் கோனார் உரை இல்லாமலா தமிழ்ப் பரீட்சை எழுதினாய்? அன்றைக்கு வெட்கப்பட்டாயா? இல்லையே! பிறகு ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு வழிகாட்டி நூலைக் கையில் எடுக்க மட்டும் ஏன் கூச்சம்? முனைவர் பட்டம் வாங்கியவன் 'எப்படி எழுதுவது' என்று புத்தகம் படித்தால் கௌரவம் போய்விடுமா?

போகட்டும்! கட்டுரை வரும்.

வெண்டி லாரா பெல்ச்சர் என்று ஒருவர். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க இலக்கியம் நடத்தும் பேராசிரியர். 2009இல் ஒரு பயிற்சி நூல் போட்டார். 'ரைட்டிங் யுவர் ஜர்னல் ஆர்ட்டிகிள் இன் ட்வெல்வ் வீக்ஸ்' என்று பெயர். பன்னிரண்டு வாரத்தில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரை. 2019இல் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது.

அது படித்துவிட்டு அலமாரியில் வைக்கிற புத்தகம் கிடையாது. செய்யச் சொல்லுகிற புத்தகம். ஒவ்வொரு வாரத்துக்கும் வேலை, அந்த வேலைக்குக் கட்டம், கட்டத்தில் உன் பேனா.

வெறும் தாளில் தொடங்கு என்று அது உன்னை மிரட்டவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த ஒன்றை எடு என்கிறது. கருத்தரங்கில் வாசித்ததோ, ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமோ, எது இருந்தாலும் சரி. அதைத் திருத்து, கட்டுரையாக்கு, அனுப்பு. கடைசி வாரத்தின் வேலையே அனுப்புவதுதான்!

அதாவது உன் மூன்றாம் அத்தியாயம். கேட்கிறதா?

நேரமில்லை என்றாயே. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடமாவது எழுது என்கிறார் பெல்ச்சர். பதினைந்தே நிமிடம்! சாத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். போனில் ரீல்ஸ் தள்ளும் நேரத்தில் கால்வாசி.

நீ என்ன நினைக்கிறாய்? "தீபாவளி முடியட்டும், லீவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்." எத்தனை தீபாவளி முடிந்தது?

உன் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர் இருப்பார். போய்க் கேள். மருந்தை ஒரே நாளில் மலையாகக் குவித்தா வேலை செய்கிறார்கள்? அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலக்க வேண்டும். கொஞ்சமாக எடுக்க வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. அளவை மீறிக் குவித்த இடத்தில்தான் வெடிக்கிறது.

எழுத்துக்கும் அதே விதி. அன்றைய அளவு, அன்றைக்கு!

கையில் கட்டுரையோடு உட்கார்ந்திருப்பவனைவிட, லீவுக்காகக் காத்திருப்பவனுக்குத்தான் களைப்பு அதிகம். கவனித்திருக்கிறாயா? எழுதாத கட்டுரை உன்னைத் தினமும் அரிக்கிறது. சோறு உண்ணும்போதும் அரிக்கிறது.

பன்னிரண்டு வாரம் என்ற கணக்கை நான் அப்படியே நம்பவில்லை. அமெரிக்கப் பேராசிரியருக்குத் தனி அறை உண்டு, பெரிய நூலகம் உண்டு. நீ கௌரவ விரிவுரையாளர். வாரம் முழுக்க வகுப்பு, மாலையில் டியூஷன், நடுவில் நாக் கமிட்டிக்கு ஃபைல் தயாரிக்கும் வேலை வேறு. உனக்கு இருபது வாரம் ஆகலாம். முப்பதும் ஆகலாம். ஆகட்டும்! நின்றுவிடாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெல்ச்சரின் நூல் பெரும்பாலும் இலக்கியம், வரலாறு, சமூக அறிவியல் ஆட்களுக்கானது. நீ வேதியியலா, இயற்பியலா? ராபர்ட் டே 1979இல் எழுதிய நூல் இருக்கிறது. அறிவியல் கட்டுரையை எழுதி வெளியிடுவது எப்படி என்பதுதான் அதன் பொருள். பிற்காலப் பதிப்புகளில் பார்பரா காஸ்டல் சேர்ந்துகொண்டார். அதை எடு. அறிமுகம், முறை, முடிவு, விவாதம் என்று நான்கு அறை. எந்தச் செய்தி எந்த அறையில் என்று தெரிந்துவிட்டால் உன் பயத்தில் பாதி காலி.

நூலகத்தில் இல்லையா? வாங்கச் சொல்லிக் கடிதம் கொடு! நூலகருக்கு நீ எப்போதாவது ஒரு புத்தகத்துக்காகக் கடிதம் கொடுத்திருக்கிறாயா?

அடுத்த சாக்கு. "சிவகாசி விஷயத்தை எவன் போடுவான்?"

இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது!

ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் இந்த மண்ணைத் தேடி வந்தார். விருதுநகரும் சிவகாசியும் எப்படி எழுந்தன, வணிகர்கள் சேர்த்த மகமைப் பணம் எப்படிப் பள்ளிக்கூடங்களாக மாறியது என்று தோண்டினார். 1969இல் கலிபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் அவர் நூலை வெளியிட்டது. இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அவர் கடல் தாண்டி வந்தார். நீ அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறாய்.

மகமைக் கணக்கு நோட்டு எந்தக் கடையில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று உன் தாத்தாவுக்குத் தெரியும். கலிபோர்னியாவுக்குத் தெரியாது!

காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. அது இன்னும் விருதுநகரில்தான் இருக்கிறது. உள்ளே போய் நின்று பார்த்திருக்கிறாயா?

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள. கற்றார்கள், திரும்பினார்கள், இந்தக் கரிசல் காட்டில் ஒரு தொழிலையே நட்டார்கள். இதைப் பள்ளி விழாவில் பேசிப் பேசிக் கைதட்டு வாங்கிவிட்டோம். சரி, அந்தத் தொழில்நுட்பம் கல்கத்தாவிலிருந்து சிவகாசிக்கு வந்தபோது எதுவெல்லாம் மாறியது? எந்திரம் எங்கிருந்து வந்தது? மரம் எங்கிருந்து வந்தது? கடன் கொடுத்தது யார்?

ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரை!

இன்னும் கிட்டே வா. 2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். பேரியம் உப்புக்குத் தடை. சரவெடிக்குத் தடை. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. ஆலைகள் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் உன் தெருவில் எத்தனை அடுப்பு எரியவில்லை? எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்தியது? யார் திருப்பூருக்குப் போனார்கள்?

உனக்குத் தெரியும். பார்த்தாய். இருந்தும் எழுதவில்லை.

மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி 1984இல் வந்தது. உலோகப் பொடி தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரி. அங்கிருந்த ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மருந்தையே எடுத்தார்கள். பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி. அலுமினியத்தை நானோ அளவுக்குப் பொடியாக்கினால் என்ன ஆகும்? எவ்வளவு அடியில் வெடிக்கும், எவ்வளவு உராய்வில் பற்றும்? அளந்தார்கள். எழுதினார்கள். வெளிநாட்டுத் தொழிற்பாதுகாப்பு இதழ்கள் அதைப் போட்டன.

எவன் போடுவான் என்றாயே! போட்டார்கள்!

முதலிப்பட்டியை மறந்துவிட்டாயா? 2012 செப்டம்பர் 5. ஒரே பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உராய்வு என்று செய்தித்தாள் ஒரே வார்த்தையில் முடித்துவிடும் விஷயத்தை, எத்தனை நியூட்டன் என்று எண்ணில் சொல்ல ஆள் வேண்டும். அந்த எண்ணைச் சொல்லும் கட்டுரை உன் பென் டிரைவில் தூங்கினால் அதற்கு யார் பொறுப்பு?

சரி. விஷயம் இருக்கிறது. ஆனால் விஷயம் இருந்தால் மட்டும் கட்டுரை ஆகிவிடாது. இங்கேதான் நம் ஆட்களில் பலர் கவிழ்கிறார்கள்.

"சிவகாசிப் பெண் தொழிலாளர் நிலை: ஓர் ஆய்வு." இப்படித்தானே தலைப்பு வைத்திருக்கிறாய்?

இதில் நீ என்ன சொல்கிறாய்? ஒன்றுமில்லை! ஒரு பொருளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டாய்.

பெல்ச்சர் ஒரு சோதனை வைக்கிறார். உன் கட்டுரையின் மையத்தை ஒரே வாக்கியத்தில் சொல். அதைக் கேட்பவர் 'ஒத்துக்கொள்கிறேன்' என்றோ 'ஒத்துக்கொள்ள மாட்டேன்' என்றோ சொல்ல முடிகிறதா? முடிந்தால் உன்னிடம் வாதம் இருக்கிறது. முடியாவிட்டால் இருப்பது தகவல் மூட்டை.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். "சரவெடித் தடையால் முதலில் வருமானம் இழந்தவர்கள் ஆலைக்குள் வேலை பார்த்த பெண்கள் அல்லர், வீட்டில் உட்கார்ந்து பின்னிக் கொடுத்தவர்கள்." இதை ஒருவர் மறுக்கலாம். "ஆதாரம் எங்கே?" என்று சட்டையைப் பிடிக்கலாம். பிடிக்கட்டும்! அதற்குப் பதில் சொல்லத்தானே உன் அட்டவணைகள் இருக்கின்றன?

அந்த ஒரு வாக்கியத்தை எழுது. இன்று இரவே எழுது. சாப்பாட்டுக்கு முன்னால் எழுது.

அது வந்துவிட்டால் அத்தியாயத்தில் எதை வெட்டுவது என்று தானாகத் தெரியும். ஆய்வேட்டில் பத்துப் பக்கம் 'விருதுநகர் மாவட்டத்தின் புவியியல் அமைப்பு' என்று போட்டாயே, வெட்டு! 'ஆய்வின் எல்லை' என்ற பக்கத்தையும் வெட்டு! யாரோ எழுதிய பதினைந்து வரையறைகளை வரிசையாக அடுக்கினாயே, அதையும் வெட்டு! வலிக்கிறதா? வலிக்கத்தான் செய்யும்.

இங்கிலீஷ் வராது என்ற சாக்குக்கு வருகிறேன்.

வரவில்லையா? தமிழில் எழுது!

சிரிக்காதே. நெல்லைக்குப் போய்ப் பார். நா. வானமாமலை என்று ஒரு மனிதர் இருந்தார். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். பல்கலைக்கழக நாற்காலி இல்லை. மானியம் இல்லை. பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு 1969இல் 'ஆராய்ச்சி' என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார்.

இதழோடு அவர் நிறுத்தவில்லை. நெல்லை ஆய்வுக் குழு என்று இளைஞர்களைக் கூட்டினார். ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அடித்து, திருத்தி, மறுபடி எழுதி, அப்புறம்தான் அச்சு. நாட்டுப்பாடல், கதைப்பாடல், சாதி, கோயில், உழவு என்று அதுவரை ஆய்வு என்றே மதிக்கப்படாதவையெல்லாம் கட்டுரை ஆயின. ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பட்டறையில் உருவானவர்கள்.

பெல்ச்சர் நூலில் எனக்கு மிகவும் பிடித்த அறிவுரையும் இதுதான். தனியாக எழுதாதே, எழுதியதை மற்றவருக்குக் காட்டு. நா.வா. அதை எந்த நூலும் பார்க்காமலே செய்துவிட்டார்.

நீ யாரிடம் காட்டினாய்? ஒருவரிடமும் இல்லை. திருடிவிடுவார்கள் என்று பயம். சிரித்துவிடுவார்கள் என்று அதைவிடப் பெரிய பயம்.

அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் உன் நண்பன் ஒருவன் இருக்கிறான். விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியில் உன் தோழி ஒருத்தி இருக்கிறாள். மூன்று பேர் போதும்! மாதம் ஒரு ஞாயிறு. ஒரு டீக்கடை பெஞ்சு. ஒருவர் கட்டுரை, இருவர் பேனா.

ஆங்கிலத்திலும் எழுதத்தான் வேண்டும், மறுக்கவில்லை. உலகம் படிக்க அந்தக் கதவும் வேண்டும். ஆனால் நீ நினைப்பதுபோல் அங்கே அலங்கார ஆங்கிலம் கேட்கவில்லை. குட்டி வாக்கியம். யார், எதை, எப்படி, எவ்வளவு. பெல்ச்சரே ஒரு வாரம் முழுவதையும் வாக்கியங்களைச் சீராக்குவதற்கு ஒதுக்கியிருக்கிறார். ஆத்தர்எய்டு என்ற அமைப்பு நம்மைப் போன்ற நாடுகளின் ஆய்வாளர்களுக்காகவே இயங்குகிறது. இலவசமாகவே கற்றுத் தருகிறார்கள். இலவசம்! இன்னும் என்ன வேண்டும் உனக்கு?

இப்போது காதைத் திறந்து வைத்துக்கொள். நம் ஊரில் கட்டுரைக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் செய்தி வரும். "பன்னாட்டு இதழ். மூன்றே நாளில் வெளியீடு. சான்றிதழ் இலவசம்." காசு கட்டினால் போதும். உன் கட்டுரையை ஒருவரும் படிக்க மாட்டார்கள். அனுப்பியதும் அச்சாகும். போன மாதம் மருத்துவம், இந்த மாதம் மேலாண்மை, நடுவில் உன் சரவெடி!

அந்தப் பக்கம் போகாதே! உன் உழைப்பைக் காசு கொடுத்துப் புதைக்காதே!

முன்பாவது ஒரு காரணம் சொன்னார்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம், என்ன செய்ய என்றார்கள். 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் யுஜிசி-கேர் பட்டியலையும் நிறுத்திவிட்டது. இனி இந்த இதழ் நல்லதா என்று உனக்காக யாரும் பட்டியல் போட்டுத் தர மாட்டார்கள். நீயேதான் பார்க்க வேண்டும்.

பார்! ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையான ஆட்களா? அவர்கள் கல்லூரிப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா? உன் ஆய்வேட்டில் நீ மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன? அந்த வரிசையில்தான் உன் இதழும் இருக்கிறது.

நான்காம் வாரத்திலேயே இதழைத் தேர்ந்தெடு என்கிறார் பெல்ச்சர். எழுதி முடித்தபின் இல்லை, நான்காம் வாரத்திலேயே! யாருக்கு எழுதுகிறாய் என்று தெரியாமல் எழுதுவது விலாசம் இல்லாத கடிதம். மூன்று இதழ்களின் பெயரை எழுதி மேஜையில் ஒட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடு.

இனிமேல்தான் உண்மையான பயம். திருப்பி அனுப்பிவிட்டால்?

அனுப்புவார்கள்!

ராமானுஜன் கதை தெரியும் என்பாய். கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார், அதைத்தானே சொல்லப் போகிறீர்கள் என்பாய். இல்லை. வேறு பக்கத்தைப் பார்.

அவரையும் ஒரு வழிகாட்டி நூல்தான் தூக்கிவிட்டது. ஜி. எஸ். கார் என்பவர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார்செய்யத் தொகுத்த நூல். சுமார் 5000 தேற்றங்கள். நிரூபணம் மிகக் குறைவு. ராமானுஜன் அதைக் கரைத்துக் குடித்தார். அதே நூல் அவருக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் பிடித்துவிட்டது. முடிவை மட்டும் எழுதுவார். வழியை எழுத மாட்டார்!

1911இல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்கள் பற்றி அவருடைய முதல் கட்டுரை வந்தது. சும்மா வந்துவிட்டதா? இதழாசிரியர் நாராயண அய்யங்காருக்கு அவருடைய கணக்கு பிடித்தது. எழுத்து புரியவில்லை. தெளிவு இல்லை, வாசகர் பின்தொடர முடியாது என்று திருத்தச் சொன்னார். கட்டுரை இருவருக்கும் நடுவே போய்ப்போய் வந்தது. அப்புறம்தான் அச்சேறியது.

ராமானுஜனின் கட்டுரையே திரும்பி வந்தது! உன்னுடையது வரக் கூடாதா?

இதழின் கடிதம் வந்த அன்று படி. ஒருமுறை மட்டும் படி. மூடு. வீட்டில் யாரிடமும் எரிந்து விழாதே. அடுத்த நாளோ, அதற்கடுத்த நாளோ மறுபடி திற. இப்போது அட்டவணை போடு. இடப்பக்கம் மதிப்பீட்டாளர் சொன்னது, ஒவ்வொன்றும் தனி வரியில். வலப்பக்கம் நீ செய்த மாற்றம், பக்க எண்ணோடு. ஏற்க முடியாத குறிப்பா? ஏன் ஏற்கவில்லை என்று மரியாதையாக, ஆதாரத்தோடு எழுது. 'பெரிய திருத்தம் தேவை' என்று வந்தால் அழாதே, கொண்டாடு! வேண்டாம் என்று சொல்பவர் திருத்தச் சொல்ல மாட்டார்.

முற்றிலும் நிராகரித்துவிட்டார்களா? காரணம்கூடச் சொல்லாமல் இரண்டு வரியில் முடித்துவிட்டார்களா?

மேஜையில் ஒட்டிய தாளைப் பார். முதல் பெயரை அடி. இரண்டாம் இதழ் என்ன வடிவம் கேட்கிறது, எத்தனை சொல் கேட்கிறது, மேற்கோளை எப்படிப் போடச் சொல்கிறது என்று பார்த்து மாற்று. அதிகபட்சம் ஒரு வாரம். அதற்குமேல் கையில் வைத்திருக்காதே, அனுப்பு!